அகிஹபாராவில் 10,000 யென்... ஓடுற ரயில் கிடைக்குமா?

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டை அப்படியே எடுத்து, எட்டு மாடிக்கு உயர்த்தி, நடுவில் ஒரு ரயில் பாலத்தையும் போட்டால் எப்படி இருக்கும்? டோக்கியோவின் அகிஹபாரா கிட்டத்தட்ட அதுதான். அனிமே, வீடியோ கேம், மெய்ட் கஃபே என்றுதான் யூடியூபில் இந்த இடத்தைப் பார்த்திருப்போம். ஆனால், பளபளக்கும் அந்த போர்டுகளுக்குப் பின்னால், மூன்று பேர் நின்றாலே நிறைந்துவிடும் லிஃப்டில் ஏறினால், நாலாவது, ஐந்தாவது மாடிகளில் வேறோர் உலகம் இருக்கிறது. கண்ணாடி அலமாரிகள் முழுக்க ரயில்கள். ஒவ்வொரு கோச்சும் நம் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் நீளம். பெரும்பாலானவை செகண்ட் ஹேண்ட்!

புல்லட் ரயில் வேகத்தில் சுற்றிப் பார்க்கும் டூரிஸ்ட்டுகள் தவறவிடும் இடம் இது. பட்ஜெட் கம்மி, ஆசை அதிகம் என்பவர்களுக்கோ சொர்க்கம். ஆனால், மலிவாகக் கிடைப்பதெல்லாம் லாபம் இல்லை. எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று தெரிந்தால்தான் லாபம்.

ரயிலுக்கு அடியில் பிறந்த மார்க்கெட்

அகிஹபாராவுக்கும் ரயிலுக்கும் உள்ள உறவு பொம்மைக் கடைகளில் தொடங்கவில்லை. 1890-ல் சரக்கு ரயில் நிலையமாகத்தான் இது ஆரம்பமானது. பயணிகள் வந்து இறங்கத் தொடங்கியது 1925-ல். 1932-ல் தலைக்கு மேலே சோபு லைனின் உயர்மட்டப் பாதை வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, சாலையோரத்தில் ரேடியோ உதிரி பாகங்கள் விற்றவர்கள் அந்தப் பாலத்துக்கு அடியில் குடியேறினார்கள். ஒரு ஆள் உட்காரும் அளவுக்கே இடமுள்ள அந்தக் குட்டிக் கடைகளை இன்றும் பார்க்கலாம். மேலே ரயில் போகும்போது உள்ளே லேசாக அதிரும்.

ஸ்டேஷனில் இருந்து கொஞ்ச தூரம் நடந்தால் மான்செய்பாஷி. 1912-ல் திறந்து, 1943-ல் மூடப்பட்ட பழைய ரயில் நிலையம். அதன் பக்கத்தில்தான் பல ஆண்டுகள் ஜப்பானின் போக்குவரத்து அருங்காட்சியகம் இருந்தது. 2006-ல் அதை மூடிவிட்டார்கள். அடுத்த ஆண்டு ஓமியாவில் பெரிய ரயில்வே மியூசியமாகத் திறந்தார்கள். மான்செய்பாஷியின் செங்கல் வளைவுகளில் இப்போது கடைகளும் காபி ஷாப்களும் இருக்கின்றன. பழைய பிளாட்பாரத்தில் கண்ணாடிக் கூண்டு மாதிரி ஓர் இடம் உண்டு. உள்ளே நின்றால் இரண்டு பக்கமும் சுவோ லைன் ரயில்கள் உரசாத குறையாகப் போகும். டிக்கெட் எதுவும் கிடையாது. ரயில் பைத்தியங்கள் முதலில் அங்கே போய்விட்டுத்தான் கடைகளுக்கு வர வேண்டும் என்பது என் சிபாரிசு.

ஏன் இவ்வளவு ரயில், ஏன் இவ்வளவு மலிவு?

ஜப்பான் வீடுகள் சின்னவை. அதனால் அங்கே மாடல் ரயில் என்றாலே பெரும்பாலும் 'என் கேஜ்'தான். தண்டவாளத்தின் அகலம் 9 மில்லிமீட்டர். ஆங்கிலத்தில் 'நைன்' என்பதன் முதல் எழுத்துதான் அந்த 'என்'. ஜப்பானிலேயே தயாரான முதல் என் கேஜ் ரயில் 1965-ல் வந்தது. தயாரித்தது இன்று கேட்டோ என்ற பெயரில் உலகமே அறிந்த நிறுவனம். அது ஒரு நீராவி எஞ்சின். பிறகு 1976-ல் டொமிக்ஸ் களத்துக்கு வந்தது. அன்று முதல் இரண்டு பேருக்கும் போட்டி. ஜப்பானில் ஓடிய ரயில்களில் மாடலாக வராதது எது என்று கேட்கும் அளவுக்குத் தயாரித்துத் தள்ளியிருக்கிறார்கள்.

அறுபது வருடங்களாக விற்ற ரயில்கள் எங்கே போகும்? வாங்கியவர்களில் பலருக்கு வயதாகிவிட்டது. சிலர் சின்ன வீட்டுக்கு மாறுகிறார்கள். சிலருக்குப் புது மாடல் வாங்க இடமும் பணமும் வேண்டும். சிலர் இறந்துபோக, குடும்பத்தார் அட்டைப்பெட்டிகளில் கட்டி அனுப்பிவிடுகிறார்கள். பழைய ரயில்களைக் கூரியரிலேயே வரவழைத்து விலை போட்டு எடுத்துக்கொள்ளும் கடைகளும் இருக்கின்றன. பொபொன்டெட்டா போன்ற சங்கிலிக் கடைகள் இந்தத் தொழிலுக்கென்றே பெயர் பெற்றவை. பழைய பொருள் வாங்கி விற்க அங்கே அரசு லைசென்ஸ் வேண்டும். விற்க வருபவரின் அடையாளத்தைக் கடைக்காரர் சரிபார்க்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. எனவே, இது திருட்டுச் சரக்கோ என்ற பயம் இல்லாமல் வாங்கலாம்.

மாமா போட்ட கண்டிஷன்

நான் இறங்கியது சும்மா வேடிக்கை பார்க்க மட்டும் அல்ல. செங்கல்பட்டில் இருக்கும் என் மாமா, தாம்பரத்தில் கல்லூரி படித்த காலத்தில் மீட்டர் கேஜ் பாசஞ்சர் ரயிலில் போய்வந்தவர். கடற்கரையில் இருந்து விழுப்புரம் வரை அந்தப் பாதையில் அப்போது ரயிலை இழுத்தது ஒய்.ஏ.எம்-1 என்ற மின்சார எஞ்சின். 1960-களின் நடுவில் ஜப்பானில் இருந்து கப்பலேறி வந்தது. அந்தப் பாதையே இப்போது இல்லை. ஜப்பானுக்குப் போகிறேன் என்றதும் மாமா போன் செய்தார்.

"ஏம்மா, அந்த ஊர்லதான நம்ம எஞ்சினைச் செஞ்சாங்க. அந்த மாதிரி ஒண்ணு கிடைச்சா வாங்கிட்டு வாம்மா. ஆனா, ஓடணும். அலமாரியில உட்கார வைக்கிறதுக்கு எனக்கு எதுவும் வேணாம்."

என் கையில் இதற்காக ஒதுக்கியது 10,000 யென். நம் பணத்தில் 6,000 ரூபாய்க்குள். கடைகளில் புதிய ஸ்டார்ட்டர் செட் ஒன்றே 20,000 யென் அளவுக்கு வருகிறது. எஞ்சின், கோச்சுகள், தண்டவாளம், மின்சாரம் கொடுக்கும் பவர் பேக் என நாலும் இந்தப் பாதிப் பணத்துக்குள் அடங்க வேண்டும். டோக்கியோவில் ஐ.டி வேலை பார்க்கும் என் கல்லூரித் தோழி மொழிபெயர்ப்பாளராக வந்தாள். அவளுக்கு ரயில் மேல் எந்த ஆர்வமும் இல்லை. "ரெண்டு மணி நேரம். அப்புறம் ராமென்" என்பது அவள் ஒப்பந்தம்.

மூன்று விதமான விலைச்சீட்டு

இங்கே பேரம் கிடையாது. ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ளதுதான் விலை. எனவே, திறமையைக் காட்ட வேண்டியது வாயில் அல்ல, அந்தச் சீட்டைப் படிப்பதில்.

முதல் வகை, கண்ணாடி அலமாரிக்குள் இருப்பவை. டப்பா, விளக்கத்தாள், ஒட்ட வேண்டிய ஸ்டிக்கர் எல்லாம் சேர்த்து, ஓட்டிப் பார்த்தாயிற்று என்றும் எழுதியிருக்கும். புதியதை விடக் கொஞ்சம்தான் குறைவாக இருக்கும்.

இரண்டாவது வகை, ஏதோ ஒன்று இல்லாதவை. டப்பா இல்லை, ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள், கூரையில் ஒரு சின்ன உதிரி பாகம் போய்விட்டது என்று குறைகளை ஒன்றுவிடாமல் எழுதிவைக்கிறார்கள். சேகரிப்பவர்களுக்கு இதெல்லாம் பெரிய குறை. ஓட்டுகிறவர்களுக்குக் குறையே அல்ல. விலை சட்டென்று இறங்குவது இங்கேதான்.

மூன்றாவது வகை, தரையோரம் பிளாஸ்டிக் கூடைகளில் கொட்டிவைத்திருக்கும் 'ஜங்க்'. ஓடுமா, ஓடாதா என்று கடைக்காரருக்கே தெரியாது. திருப்பித் தர முடியாது. ஆனால், சில நூறு யென்களுக்குக் கிடைக்கும். சூட் போட்ட ஆபீஸர்களும் ஸ்கூல் பையன்களும் தோளோடு தோள் உரச, இந்தக் கூடைகளைத்தான் கிளறிக்கொண்டிருந்தார்கள். யாரும் பேசவில்லை. ஒருவர் கிளறி முடித்து நகர்ந்த பிறகுதான் அடுத்தவர் கை வைக்கிறார்.

கூடையில் எதைத் தேட வேண்டும்? மோட்டார் இல்லாத கோச்சுகளை. எட்டு கோச் கொண்ட மின்சார ரயில் செட்டில்கூட மோட்டார் பெரும்பாலும் ஒரே கோச்சில்தான் இருக்கும். மற்றவை இழுபட்டுப் போகிறவை. அவற்றில் கெட்டுப்போவதற்குச் சக்கரமும் கொக்கியும் தவிர அதிகமாக ஒன்றும் இல்லை. செட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக விற்கும்போது மோட்டார் கோச்சுக்கு ஒரு விலை, மற்றதற்கு அதில் ஒரு பங்கு.

எனக்குக் கிடைத்தது, புத்தகம் மாதிரி திறந்து மூடும் ஒரு பிளாஸ்டிக் கேஸில் நாலு சிவப்பு கோச்சுகள். 50 சீரிஸ் என்பார்கள். 1970-களின் கடைசியில் உள்ளூர் பாசஞ்சர் ரயில்களுக்காக வந்தவை. விலை மொத்தமாக 2,000 யென். ஏன் இவ்வளவு மலிவு? கேஸுக்குள் இருந்த ஃபோம் பழசாகி, பிசுபிசுத்து, கறுப்புத் துகளாக கோச்சுகளில் ஒட்டியிருந்தது. ஒரு கொக்கியும் இல்லை. கொக்கி தனியாகக் கிடைக்கிறது. ஃபோம் துகளை ஈரத்துணியால் பொறுமையாகத் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். பார்க்க அருவருப்பாக இருப்பதால்தான் அது அன்று வரை எனக்காகக் காத்திருந்தது!

இரண்டு எஞ்சின், ஒரு சோதனை

ஒய்.ஏ.எம்-1 எஞ்சினை ஜப்பான் கடைகளில் யாருக்கும் தெரியாது. ஆனால், அதன் ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி ஒன்று இருக்கிறது. இ.டி.75. 1963-ல் தயாரிக்க ஆரம்பித்து, டோக்கியோவுக்கு வடக்கே தோஹோக்கு பகுதியில் ஓடிய மின்சார எஞ்சின். பெயரில் உள்ள 'இ' என்றால் எலெக்ட்ரிக். 'டி' என்றால் இயங்கும் அச்சுகள் நாலு. நம் ஒய்.ஏ.எம்-1 எஞ்சினுக்கும் நாலு அச்சுதான். இரண்டுமே உயர் அழுத்த ஏ.சி மின்சாரத்தில் ஓடியவை. கூடையில் கிடைத்த சிவப்பு கோச்சுகளை நிஜத்தில் இழுத்ததும் இந்த இ.டி.75 குடும்பம்தான்.

ஒரே மாடியில் இரண்டு இருந்தன. ஒன்று 3,000 யென். டப்பாவோடு, கீறல் இல்லாமல், பளபளவென்று. சீட்டில், 'ஓட்டிப் பார்க்கவில்லை' என்று எழுதியிருந்தது. இன்னொன்று 3,800 யென். டப்பா இல்லை. முன்பக்கக் கைப்பிடிக் கம்பி ஒன்று உடைந்திருந்தது. 'ஓட்டிப் பார்த்தது' என்று எழுதியிருந்தது.

"இதுல என்ன யோசனை? அழகா இருக்குறதை எடு. விலையும் கம்மி" என்றாள் தோழி. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால், பல வருடங்களாக ஓடாமல் டப்பாவிலேயே தூங்கிய எஞ்சினில் பிரச்னை வெளியே தெரியாது. உள்ளே போட்ட எண்ணெய் கெட்டியாகியிருக்கும். சக்கரத்தில் பிடிமானத்துக்காக மாட்டிய ரப்பர் வளையம் காய்ந்து விரிசல் விட்டிருக்கும். மிகப் பழைய மாடல்களில், உள்ளே இருக்கும் உலோகச் சட்டமே ஊதி வெடிப்பதும் உண்டு. ரப்பர் வளையத்தை மாற்றலாம். சட்டம் போனால் போனதுதான்.

கல்லாவின் ஓரத்தில் ஒரு முழ நீளத் தண்டவாளம் வைத்திருந்தார்கள். வாங்குவதற்கு முன் ஓட்டிக் காட்டுங்கள் என்று கேட்கலாம். தோழி கேட்டாள். கடைக்காரர் இரண்டு கையாலும் எஞ்சினை வாங்கி, தண்டவாளத்தில் வைத்து, கன்ட்ரோலைத் திருகினார். கைப்பிடி உடைந்த எஞ்சின் முன்னே போனது. நின்றது. பின்னே வந்தது. முன்விளக்கு எரிந்தது. பிறகு அவர் வேகத்தை மிகவும் குறைத்து, ஊர்ந்து போகும்படி ஓட்டிக் காட்டினார். "வேகமாப் போறதை எல்லா மோட்டாரும் செய்யும். மெதுவாப் போகும்போது திக்காம இருக்கான்னு பாருங்கன்னு சொல்றார்" என்று தோழி மொழிபெயர்த்தாள்.

அந்த விநாடியை வீடியோ எடுத்து மாமாவுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது. "அதேதாம்மா. மூஞ்சியில லேசா நம்ம சாடை இருக்கு." 800 யென் கூடக் கொடுத்து உடைந்த கைப்பிடியை வாங்கினேன்.

தண்டவாளத்தில் கோட்டை விடாதீர்கள்

ரயில் வாங்கியதும் பாதி வேலை முடிந்ததாக நினைப்போம். பலர் மாட்டிக்கொள்வது அடுத்த பாதியில்தான். கேட்டோ ரயில் டொமிக்ஸ் தண்டவாளத்தில் ஓடும். டொமிக்ஸ் ரயில் கேட்டோ தண்டவாளத்திலும் ஓடும். ஆனால், இரண்டு கம்பெனித் தண்டவாளங்களும் ஒன்றோடொன்று நேரடியாகச் சேராது. மின்சார ஒயரின் முனையும் வேறு. அதனால் தண்டவாளமும் பவர் பேக்கும் ஒரே கம்பெனியாக இருக்கட்டும்.

நான் கேட்டோவை எடுத்தேன். 315 மில்லிமீட்டர் ஆரம் கொண்ட வளைவுத் தண்டவாளம் எட்டு சேர்ந்தால் முழு வட்டம். கூடவே 248 மில்லிமீட்டர் நேர்த் தண்டவாளம் நாலு. எல்லாம் சேர்ந்து ஒரு சின்ன டைனிங் டேபிளில் அடங்கிவிடும். பழசு என்பதால் 1,500 யென். தண்டவாளத்தோடு மின்சாரம் சேர்க்கும் ஃபீடர் ஒயர் இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுத்தேன். அது இல்லாவிட்டால், மிச்சமெல்லாம் வெறும் பிளாஸ்டிக் வட்டம்.

பவர் பேக் 1,800 யென். இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நம்முடையது 230 வோல்ட். ஜப்பான் பவர் பேக்கை நம் வீட்டு பிளக்கில் நேராகச் சொருகினால், ரயில் ஓடாது, புகைதான் வரும். 230-ஐ 100-ஆகக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் வேண்டும்.

சக்கர ரப்பர் வளையமும் கொக்கியும் 300 யென். மொத்தம் 9,400. மீதி 600. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரை ஊருக்கு வந்து தனியாகத்தான் வாங்கினேன் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேஸுக்குள் ஒரு காகிதம்

ஹோட்டலில் ஃபோமைப் பிய்த்து எடுத்தபோது, அதன் அடியில் மடித்துவைத்த சின்னக் காகிதம் ஒன்று இருந்தது. பென்சிலில் பொடிப்பொடியாக ஜப்பானிய எழுத்து. போட்டோ எடுத்துத் தோழிக்கு அனுப்பினேன். நாலு கோச்சுகளின் நம்பர்கள், வாங்கிய தேதி, விலை என்று பதில் வந்தது. தேதி, ஷோவா 62-ம் ஆண்டு நவம்பர். அதாவது 1987. ஜப்பான் தேசிய ரயில்வேயை ஜே.ஆர் கம்பெனிகளாகப் பிரித்த அதே வருடம். கீழே இன்னொரு வரி. சக்கரங்களைச் சுத்தம் செய்த தேதிகள். ஏழு முறை எழுதியிருந்தார். எட்டாவது இல்லை.

இதற்கு முன் விலைச்சீட்டுகளைப் பார்த்தபோது, '2,000 யென்தானா!' என்ற சந்தோஷம் மட்டும்தான் இருந்தது. அந்த 2,000-க்கு ஒருவர் ஏழு முறை துடைத்த பொறுமையும் சேர்ந்து வந்திருக்கிறது என்பது அந்தக் காகிதத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. ஜங்க் என்று எழுதியிருந்தாலும், யாரோ ஒருவர் வீட்டில் அது ஜங்க்காக இருந்ததில்லை.

செங்கல்பட்டில் மாமா டைனிங் டேபிளில் தண்டவாளத்தைச் சேர்த்தார். முதல் சுற்றில் மூன்றாவது கோச் இரண்டு முறை தடம் புரண்டது. சக்கரத்தில் ஃபோம் துகள் மிச்சம் இருந்தது. அத்தை கண் மை போடும் பட்ஸை எடுத்துக் கொடுத்தார். துடைத்ததும் ஓடியது. அந்தக் காகிதத்தில் எட்டாவதாக ஒரு தேதி இப்போது தமிழ் எழுத்தில் இருக்கிறது.

நீங்களும் தேடப் போகிறீர்களா?

* நிஜ ரயில் ஓய்வுபெறும் செய்தி வந்தால், அதன் மாடலுக்கு கிராக்கி கூடும். ரயில் பாதையைச் சோதிக்கும் மஞ்சள் நிற 'டாக்டர் யெல்லோ' ரயில்களில் ஒன்று 2025 ஜனவரியில் ஓய்வுபெற்றது. அந்த மாதிரி பிரபலங்களை விட்டு, தினசரி ஓடும் சாதாரண சபர்பன் ரயில்களைத் தேடுங்கள். அவைதான் ஏராளமாகவும் மலிவாகவும் கிடைக்கும்.

* கம்பெனிகள் பழைய மாடல்களை அவ்வப்போது மறுபடி தயாரித்து வெளியிடும். அந்த அறிவிப்பு வந்ததும் செகண்ட் ஹேண்ட் விலை இறங்கும். பிடித்த மாடலின் பெயரைக் குறித்துவைத்துக் காத்திருங்கள்.

* அகிஹபாராவில் வெரைட்டி அதிகம். டோக்கியோவுக்கு வெளியே இருக்கும் ஹாபி ஆஃப் மாதிரிக் கடைகளில் கூட்டம் குறைவு. நேரம் இருந்தால் அங்கேயும் ஒரு எட்டு பாருங்கள்.

* புல்லட் ரயில் மாடல்கள் 1:160 அளவு, மற்ற ஜப்பான் ரயில்கள் பெரும்பாலும் 1:150. தண்டவாளம் ஒன்றுதான். பயப்படாமல் வாங்கலாம்.

* பெரிய தண்டவாள அமைப்பை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கடைகளும் உண்டு. வாங்கிய ரயிலை ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பே அங்கே ஓட்டிப் பார்த்துவிடலாம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதுவே நல்ல பொழுதுபோக்கு.

* பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். வெளிநாட்டவருக்கு வரிச்சலுகை தரும் கடைகளில் கேட்பார்கள். பில்லைப் பத்திரப்படுத்துங்கள். எஞ்சினை செக்-இன் லக்கேஜில் போடாமல், துணியில் சுற்றிக் கைப்பையில் கொண்டுவருவது நல்லது.

* டப்பா, நிறம், பளபளப்பு, முழு செட் ஆகிய நாலையும் விட்டுக்கொடுங்கள். விலை தானாக இறங்கும். மோட்டாரை மட்டும் கண்ணால் பார்க்காமல் வாங்காதீர்கள்.

* பழைய ஃபோமைக் குப்பையில் போடுவதற்கு முன், அடியில் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.